நாற்பது ஜோடி

கல்குவாரியில் ஆளைத் தலை வைத்து எண்ணுவதில்லை, ஜோடி வைத்துத்தான் எண்ணுவார்கள். ஒருவர் சம்மட்டி போட வேண்டும், இன்னொருவர் உடைந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்க் கல்லை அரைக்கும் கிரஷர் வாயில் கொட்ட வேண்டும். இந்த இரண்டு பேருக்குப் பெயர் ஜோடி. புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்தால் மேஸ்திரிக்கு வசதி, ஒரே கொட்டகையில் போட்டுவிடலாம். இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அண்ணன் தம்பி ஜோடி இருந்தது, அப்பன் மகள் ஜோடி இருந்தது. மாமியாரும் மருமகனும் சேர்ந்து ஒரு ஜோடி. பேச்சுவார்த்தையே இல்லாமல் இரண்டு பேரும் ஒரு நாளைக்கு மூன்று லோடு உடைத்தார்கள். ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் கூட்டாளிக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. ஒற்றை ஆளை மேஸ்திரி பள்ளத்துக்குள் இறங்க விடமாட்டார்.

வருகைப் புத்தகத்தில் மொத்தம் நாற்பது ஜோடி. வெவ்வேறு ஊரிலிருந்து, நாலைந்து பாஷை பேசிக்கொண்டு வந்து சேர்ந்த கூட்டம். நிஜப்பெயர் சொன்னால் ஒருத்தருக்கு ஒருத்தர் வாயில் நுழையாது என்பதால் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. இருபத்திரண்டாம் நம்பர் கொட்டகைக்காரன் ஆறடிக்கு மேல் உயரம், எலும்பில் தோலைச் சுற்றினதுபோல் இருப்பான். அவனை ஒட்டடக்குச்சி என்றார்கள். அவன் பெண்டாட்டி அவன் மார்பளவுகூட வரமாட்டாள். அவள் குட்டச்சி.

மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு, முந்தின நாள் வைத்த வெடியில் விரிசல் கண்டிருந்த பாறை ஒட்டடக்குச்சியின் மேல் இறங்கியது. குட்டச்சி அப்போது மேலே கிரஷரில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. வெறுங்கூடையோடு அவள் திரும்பி வந்தபோது ஜல்லி லாரி ஒன்று அவனை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டது. லாரிக்காரன் அவனை அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, ரோட்டோரம் கிடந்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இறக்கும்போது உயிர் இருந்ததா இல்லையா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

குவாரிக்கு வெடி வைக்க அனுமதி கிடையாது. செத்தவன் இங்கத்து ஆள் என்று ஆகிவிட்டால் பள்ளத்தை இழுத்து மூடிவிடுவார்கள். அதனால் மறுநாள் காலையிலேயே மேஸ்திரி ஒரு வேலை செய்தார். பதினேழாம் நம்பரில் ஒருத்தன் இருந்தான். வாயே திறக்காதவன் என்பதால் ரேடியோ என்று பெயர். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். வருகைப் புத்தகத்தில் அவள் பெயரை அடித்து அங்கே குட்டச்சியின் பெயரை எழுதினார். இருபத்திரண்டின் வரிசையில், வேலை தேடி வந்து கேட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்களின் பெயரை ஏற்றினார். பழையபடி நாற்பது.

"ஒத்தையா நிக்காத. போய் ரேடியோவோட சேர்ந்துக்க" என்றார்.

"அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு மேஸ்திரி."

"யாரு?"

அவ்வளவுதான் அவர் கேட்டார். 

ஐந்தாம் தேதி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பதினொரு கிலோமீட்டர் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிணவறைக்காரர் ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். கால் இரண்டும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அறுத்துப் பார்த்துத் தைத்திருந்தார்கள். கோணி தைக்கிற தையல்.

ஆஸ்பத்திரி போலீஸ்காரர் மேசையில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீ யாரு அவனுக்கு?" என்று கேட்டார்.

"பொண்டாட்டி சார்."

"காகிதம் வச்சிருக்கியா?"

இரண்டு பேர் அடையாள அட்டையும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேஸ்திரி வாங்கி இரும்புப் பீரோவில் வைத்துக்கொண்டார். கேட்டால், ஒட்டடக்குச்சியின் அட்டை தன்னிடம் இல்லவே இல்லை என்கிறார். அவளுடைய அட்டையில் அவள் அப்பன் பெயர்தான் இருக்கிறது. அதையும் தரமாட்டேன் என்கிறார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"குவாரிக்கு நேத்து நானே போனேன். புத்தகத்தைப் பாத்தேன். நாப்பது ஜோடி. ஆளு எவனும் குறையல."

"அந்த நாப்பதுல நான் இருக்கேன் சார். என்னக் கொண்டுபோய் இன்னொருத்தர் கூட சேத்துட்டாங்க."

"அப்ப நீ இவன் பொண்டாட்டியா, அவன் பொண்டாட்டியா? ஒரு முடிவுக்கு வா."

வாசலில் நின்ற காவலாளி சிரித்தான். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. ஃபைலைத் தட்டிக் காட்டினார்.

"நீ ஆயிரம் சொல்லு, உன் கூட வேலை செய்யறவன் பத்து பேரக் கூட்டிட்டு வா, எனக்குப் பிரயோஜனமில்ல. இதுக்குள்ள வைக்க ஒரு காகிதம் வேணும். அவன் பேரும் உன் பேரும் ஒண்ணா இருக்கற காகிதம், கவர்மெண்ட் காகிதமா இருக்கணும். பத்தாம் தேதி காலைல பத்து மணி வரைக்கும் வச்சிருப்போம். அப்புறம் அநாதைப் பொணங்களோட போயிடும்."

"எங்க சார் போயிடும்?"

"குழிக்குத்தான். வேற எங்க? ஒரே குழில நாலஞ்சு பேரு."

திரும்பி நடந்து வந்தாள். ஆறு, ஏழு, எட்டு தேதிகளில் ரேடியோ உடைத்த கல்லைச் சுமந்தாள். சுமக்காவிட்டால் கொட்டகையை விட்டு வெளியே தள்ளிவிடுவார்கள், வெளியே போனால் யாரைப் பிடித்து எந்தக் காகிதத்தை வாங்குவது? ரேடியோவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கம். மேஸ்திரி அவளைப் பதினேழுக்கு மாறச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவன் கொட்டகையில் படுப்பதில்லை, லாரி டயர் அடுக்கியிருந்த இடத்தில் படுத்துக்கொண்டான். அவளும் மாறவில்லை. இருபத்திரண்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

ஒன்பதாம் தேதி காலையில் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் டீச்சர் வந்தார்.

டீச்சர் இந்தக் குவாரிக்கு வருவது இரண்டாம் தடவை. ஐந்தாம் தேதி ஒரு தடவை வந்திருந்தார். அன்றைக்குக் கொட்டகைப் பக்கம் தலைகாட்டவில்லை. பள்ளிக்கூடமும் போக வேண்டும், நூற்றறுபது வீடும் எழுத வேண்டும், வெயில் மண்டையைப் பிளந்தது. மேஸ்திரி ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, ஃபேன் போட்டு, வருகைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "நாப்பது ஜோடி டீச்சர், அப்படியே எறக்கிக்கங்க" என்றார். ஜோடி என்றால் டீச்சருக்குப் புருஷன் பெண்டாட்டிதான். ஒரு ஜோடிக்கு ஒரு தாள்: முதல் பெயர் குடும்பத் தலைவர், இரண்டாம் பெயர் மனைவி. பாதிப் பெயர் ஆணா பெண்ணா என்று தெரியாத வெளியூர்ப் பெயர். பன்னிரண்டு மணிக்குள் எண்பது பேரை எழுதி முடித்துவிட்டார். இருபத்திரண்டாம் வரிசையில் இருந்த இரண்டு புதுப் பையன்களுக்கும் அப்படியே கல்யாணம் நடந்துவிட்டது. அவர்கள் கேட்டருகே இருந்த ஷெட்டில் தங்கியிருந்ததால் இருபத்திரண்டாம் கொட்டகையைக் காலி என்று குறித்துக்கொண்டார்.

இப்போது வயது, பிறந்த ஊர், தாய்மொழி, பிள்ளைகள் எத்தனை என்ற கட்டங்களை நிரப்ப வந்திருந்தார். அன்று கிரஷர் பெல்ட் அறுந்து எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள்.

ஆறாம் நம்பரில் அண்ணன் தம்பி இருவரும் வாசலில் உட்கார்ந்து சம்மட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தாளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரம்மா எங்க, கூப்பிடுங்க" என்றார்.

"யாரம்மா?"

டீச்சர் பெயரைப் படித்தார்.

"அது நான்தான்" என்றான் தம்பி. மீசையைத் தடவிக்கொண்டான்.

அண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டான். "என்ன டீச்சர், இவனப் போய் எனக்குக் கட்டி வச்சிட்டீங்க? இவனுக்கு சமைக்கக்கூடத் தெரியாதே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்து முடிக்க நேரமானது. டீச்சர் முகம் சிவந்து, அடித்து எழுதினார். ஒன்பதாம் நம்பரில் மாமியாரையும் மருமகனையும் புருஷன் பெண்டாட்டி என்று படித்தபோது கூடை ஒன்று பறந்து வந்து டீச்சர் காலடியில் விழுந்தது. "எம் பொண்ணு கேட்டா சிரிப்பா, நான் கேட்டா செருப்பாலதான் அடிப்பேன்" என்றாள் மாமியார். மருமகன் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். டீச்சருக்கு அப்போதுதான் ஜோடி என்றால் என்னவென்று புரிந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் கணவன், மனைவி, கணவன், மனைவி.

"நாளைக்கு இதைக் கொடுக்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

பதினேழாம் நம்பருக்கு வந்தபோது கூட்டம் கூடவே வந்தது, அடுத்தது யாருக்கு யார் என்று பார்க்க. ரேடியோ டயர் மேல் உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவன் பெயரைப் படித்தார். பிறகு, "மனைவி" என்று சொல்லிக் குட்டச்சியின் நிஜப்பெயரைப் படித்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

ரேடியோ எழுந்து நின்றான். "இவங்க எனக்கு அப்படி இல்ல" என்றான். அவன் குரலைச் சிலர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

குட்டச்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். மேலே அரசாங்க முத்திரை. அதற்குக் கீழே நீளமாக ஒரு நம்பர். கட்டம் கட்டமாக அச்சு.

"இது கவர்மெண்ட் காகிதமா டீச்சர்?"

"ஆமாம்மா."

"புருஷன் பேரையும் பொண்டாட்டி பேரையும் ஒண்ணா எழுதுவீங்களா?"

"ஒண்ணாத்தான் எழுதணும். யாருக்கு யாரு என்ன உறவுன்னு அதுக்கே ஒரு கட்டம் இருக்கு."

குட்டச்சி டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கல் சுமக்கிற பிடி. இருபத்திரண்டாம் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டுபோய் உள்ளே உட்காரவைத்தாள். இரண்டு பாய், ஒரு ஸ்டவ், ஆணியில் ஒரு நீளமான சட்டை, அதற்குப் பக்கத்து ஆணியில் தண்ணீர்க் கேன். உட்கார இடம் அரிசி வைக்கிற தகர டப்பா ஒன்றுதான்.

ஆறே வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள். நாளைக் காலை பத்து மணி என்று முடித்தாள்.

டீச்சர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "செத்தவங்களை எழுதறதில்லம்மா."

"அவரு மூணாந்தேதிதான செத்தாரு?"

"மூணாந்தேதியா?" டீச்சர் பையிலிருந்து சின்ன விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். படித்துவிட்டு நிமிர்ந்தார். "முதல் தேதி பொறந்த நிமிஷத்துல யாரு உசுரோட இருந்தாங்களோ அவங்கதான் கணக்கு. அதுக்கப்புறம் பொறந்த குழந்தையைச் சேக்கக் கூடாது. அதுக்கப்புறம் செத்தவங்களை விடக் கூடாது."

"ரெண்டாந்தேதி ராத்திரி எனக்கு முதுகு தேச்சு விட்டாரு டீச்சர்."

"அப்ப எழுதணும். எழுதித்தான் ஆகணும்" என்றார் டீச்சர். விதியே அப்படி இருந்ததில் அவருக்கும் ஒரு தைரியம் வந்ததுபோல இருந்தது. பையில் மிச்சமிருந்த ஒரே ஒரு வெற்றுத் தாளை எடுத்து, தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

குட்டச்சி அவன் பெயரை இரண்டு தடவை நிறுத்திச் சொன்னாள். தலைவர். ஆண். வயது முப்பத்தாறு. பிறகு அவள் பெயர். மனைவி. பெண். வயது கேட்டதற்கு, "முப்பதுன்னு போட்டுக்கங்க" என்றாள். பிறந்த ஊர். தாய்மொழி. எழுதப் படிக்கத் தெரியுமா? அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகி எத்தனை வருஷம்? பதின்மூன்று.

"சொந்த ஊரை விட்டு ஏன் வந்தீங்க? வேலைக்கா, படிப்புக்கா, கல்யாணமாகி வந்தீங்களா, குடும்பத்தோட வந்தீங்களா?"

"அவரு வந்தாரு, நான் கூட வந்தேன்."

டீச்சர் ஒரு எண்ணைப் போட்டார்.

"பிள்ளைங்க எத்தனை பொறந்தது?"

"ரெண்டு."

"இருக்கறது?"

"இல்ல."

டீச்சர் ஒரு கட்டத்தில் இரண்டும் அடுத்த கட்டத்தில் பூஜ்யமும் எழுதினார். அதற்கு மேல் கேட்க அங்கே கட்டம் இல்லை. தாளைத் திருப்பித் தன் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் போட்டார்.

"இப்ப குடுங்க" என்று குட்டச்சி கையை நீட்டினாள்.

"எதை?"

"காகிதத்தை."

"ஐயோ, இதைத் தரக்கூடாதும்மா. நீங்க சொன்னது எதையும் நான் வெளிய யாருக்கும் காட்டக் கூடாது. கோர்ட்டே கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சட்டம். மக்கள் பயமில்லாம உண்மையச் சொல்லணும்னுதான்."

"நான் சொன்னதுதான? நானே காட்டிக்கறேன்."

"அப்படியும் கூடாது."

"ஒரு நகலாவது எழுதிக் குடுங்க."

"என் வேலை போயிடும்மா."

அந்த நேரத்தில் வாசல் இருண்டது. மேஸ்திரி வந்து நின்றார். தகரத்தில் கை ஊன்றிக் குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்ன டீச்சர், காலிக் கொட்டகைல என்ன எழுதறீங்க?"

"காலி இல்லையே. இங்க குடும்பம் இருந்திருக்கே."

"எழுதுங்க, எழுதுங்க. இத்தனை கோடிப் பேரு இருக்கற நாட்டுல ஒருத்தன் கூடக் கொறைய இருந்தா சாஞ்சா போயிடும்?" அவர் குரலில் கோபமே இல்லை. "ஆனா அஞ்சாந்தேதி என் ரூம்ல, என் ஃபேனுக்கு அடியில உக்காந்துதான எழுதினீங்க? வீடு வீடாப் போனாங்களான்னு உங்க ஆபீசர் வந்து கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிக்குடுங்க, அப்படியே சொல்லிடறேன்."

 டீச்சரின் பேனா முனை தாளின் மேல் மூலைக்குப் போனது. அங்கிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு கோடு இழுத்தால் தாள் செல்லாது. அந்தக் காலையில் தவறாய்ப் போன தாள்களை அவர் அப்படித்தான் அடித்திருந்தார், குட்டச்சி பார்த்திருந்தாள்.

கோடு விழுவதற்குள் தாள் அவள் கையில் இருந்தது.

மேஸ்திரியின் கைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்துவிட்டாள். அந்த உயரத்துக்கு அவள் குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. "பிடிடா அவளை!" என்று மேஸ்திரி கத்தினார். கேட்டில் இருந்தவன் எழுந்தான். அவள் ஜல்லிக் குவியல்களுக்கு நடுவே புகுந்து வேலி ஓட்டைப் பக்கம் ஓடினாள். மேஸ்திரி பின்னால் பாய்ந்தபோது டயர் அடுக்கு சரிந்து வழி அடைத்தது. அதற்குப் பக்கத்தில் ரேடியோ நின்றுகொண்டிருந்தான். மேஸ்திரி அவனைக் கன்னத்தில் அறைந்தார். அவன் டயரைத் தூக்கிவிடவில்லை.

பதினொரு கிலோமீட்டரையும் ரோட்டில் ஏறாமல் வாய்க்கால் ஓரமாகவே நடந்தாள். ஜல்லி லாரி போகும் ரோடு அது. வேர்வை பட்டு எழுத்து ஊறிவிடும் என்று தாளை ரவிக்கைக்குள் வைக்கவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக்கொண்டு, காற்று அடித்தபோதெல்லாம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மணி இரண்டு.

போலீஸ்காரர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், பெயர்களை விரல் வைத்துப் படித்தார். தலைவர். மனைவி.

"டீச்சர் கையெழுத்தா?"

"ஆமா சார்."

"இத மொதல்லயே கொண்டாந்திருந்தா இத்தனை நாள் அலைஞ்சிருக்க வேணாமில்ல?"

 அவர் மேசை இழுப்பறையிலிருந்து துளை போடும் மெஷினை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்து அமுக்கினார். இரண்டு வட்டக் காகிதத் துணுக்குகள் மேசையில் விழுந்தன. ஃபைலின் நாடாவைத் துளையில் கோத்து முடிச்சுப் போட்டார். ஃபைல் அட்டையில் 'அடையாளம் தெரியாத ஆண்' என்று இருந்ததை அடித்துவிட்டுத் தாளைப் பார்த்துப் பெயரை எழுதினார். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி நாலு இடத்தில் வைக்கச் சொன்னார்.

"வண்டி ஏற்பாடு பண்ணிட்டு வா. இங்க எதுவும் கிடையாது."

ஆஸ்பத்திரி வாசலில் காலி சுமைவண்டி ஒன்று நின்றது. பின்புறம் இருக்கும் இடுகாடு வரைக்கும்தான் என்று பேசி வண்டிக்காரரை உள்ளே அழைத்து வந்தபோது டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தலையெல்லாம் குவாரித் தூசு. அவர் குட்டச்சியைப் பார்க்காமல் நேரே போலீஸ்காரர் மேசைக்குப் போனார்.

"சார், ஒரு பொம்பள ஒரு தாள் கொண்டாந்தாளா? மக்கள்தொகைத் தாள்."

போலீஸ்காரர் ஃபைலைத் திறந்து காட்டினார்.

"இதை நீங்க பாக்கவே கூடாது சார். இது ரகசியம்."

"பாத்துட்டனேம்மா. என்ன பண்றது, கண்ணைப் பிடுங்கிக்கறதா?"

"அவுத்துக் குடுங்க சார். நான் வேணும்னா வேற..." டீச்சர் நிறுத்திக்கொண்டார். வேற என்ன எழுதிக் கொடுக்க முடியும் என்று அவருக்கே தெரியவில்லை.

"தாராளமா குடுக்கறேன். ஆனா இதை எடுத்தா இந்த ஃபைல்ல உறவுன்னு ஒண்ணுமே இல்ல. பொணம் உள்ளதான் இருக்கும். நாளைக்கு மத்ததுங்களோட போயிடும். எடுக்கட்டுமா? சொல்லுங்க."

அவர் விரல் நாடா முடிச்சின் மேல் இருந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். குட்டச்சி பிணவறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். செருப்பு இல்லை, எங்கோ வாய்க்கால் சேற்றில் விட்டிருக்க வேண்டும். கெஞ்சுகிற முகமாக இல்லை அது. இன்னொரு தடவை பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கமாக ஓடுவது என்று பார்க்கிற முகம்.

"வேணாம், இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

பிணவறைக்காரர் கதவைத் திறந்து உள்ளே போனார். இரண்டு பெண்களும் வெளியே நின்றார்கள். டீச்சர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், தூசு சேறாகி இன்னும் பரவியது.

"எண்ணிக் குடுத்த தாளும்மா அது. அதுதான் கடைசி" என்றார். "இன்னொண்ணு கேட்டா ஏன்னு கேப்பாங்க. கேட்டா குவாரி வரைக்கும் வருவாங்க. மேஸ்திரி அஞ்சாந்தேதியச் சொல்லிடுவாரு. ஒரு தாள் தண்ணில நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு, மத்ததைக் கட்டிக் குடுத்திடறேன் நாளைக்கு."

"மத்ததுன்னா?"

"இருக்கறது."

 "ரேடியோ தாள் இருக்கே. அதுல நான்தான பொண்டாட்டி?"

"ஆமா."

"அடிக்கலியா அதை?"

"அடிக்கறதுக்குள்ள நீங்க என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டீங்க. இப்ப அதை அடிச்சா நீங்க எங்கயுமே இல்லாமப் போயிடுவீங்க. நாப்பது குடும்பமும் முப்பத்தொம்பதாயிடும்."

"இவரு?"

டீச்சர் பையின் வாரைப் பிடித்து முறுக்கினார். "இருபத்திரண்டு காலின்னுதான் இருக்கும்."

"எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கும்?"

"அடுத்த கணக்கு எடுக்கற வரைக்கும். பத்து வருஷம்."

உள்ளே தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒரு சக்கரம் சுற்றாமல் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது.

"ரேடியோ சம்சாரம் பிள்ளையப் பெத்துத் தூக்கிட்டு வருவா" என்றாள் குட்டச்சி. "அவகிட்ட மட்டும் யாராவது சொல்லிடுங்க, நானாப் போய்க் கேக்கலன்னு." சிரிப்பதுபோல வாய் கோணியது. பிறகு அது சிரிப்பாக இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஆறு நாளில் அவள் அழுதது அப்போதுதான். டீச்சர் தொடலாமா கூடாதா என்று கையைத் தூக்கிவிட்டுக் கீழே போட்டார்.

பிணவறைக்காரர் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார். "தூக்கறதுக்கு ஆளு எங்கம்மா? எனக்கு முதுகு போச்சு, நான் தூக்க மாட்டேன். சட்டுனு எடுங்க, தட்டு வேணும் எனக்கு." வண்டிக்காரர் வண்டியைப் பின்னால் தள்ளி ஒட்டி நிறுத்திவிட்டு, தனக்கு இதெல்லாம் ஆகாது என்று வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குட்டச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைப்பக்கம் போனாள். அவன் தோள்களுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, கூடை தூக்குகிற தினுசில் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். துணிக்கு வெளியே கால்கள் முழங்காலுக்குக் கீழ் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நீங்க கால் பக்கம் பிடிங்க டீச்சர்" என்றாள். "பாக்கத்தான் நீளம். கனமா இருக்கமாட்டாரு."

டீச்சர் பையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தார். கொஞ்சம் தயங்கி, கணுக்கால்களைப் பிடித்தார். அவை சில்லென்று இருந்தன.

"ஒண்ணு, ரெண்டு சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்க."